1,500 ரூபாய்க்குள் பள்ளிச் சைக்கிளுக்கு என்னென்ன வாங்கிப் பொருத்தலாம்? (காரைக்குடி வட்டாரம்)

கோட்டையூரான் | அக்டோபர் 6, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். என் மகள் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி சென்ற மாதம் கைக்கு வந்தது. கோட்டையூரை ஒட்டிய எங்கள் சிற்றூரிலிருந்து காரைக்குடிக்குச் சற்றேறக்குறைய எட்டு கிலோமீட்டர் தூரம். அதில் முதல் இரண்டு கிலோமீட்டர் செம்மண் சாலை. இருமருங்கும் சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கிறது. மாலையில் தனிப்பயிற்சி முடிந்து அவள் புறப்படும்போது மணி ஏழேகால் ஆகிவிடுகிறது. அந்த நேரத்துப் பேருந்தை நம்ப முடிவதில்லை என்பதால் சைக்கிளிலேயே போய்வருகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள்.

மூன்று வாரத்தில் நான்கு முறை பஞ்சர் ஆகிவிட்டது. சென்ற வாரம் தூறலில் பிரேக் பிடித்தபோது வண்டி நிற்காமல் இழுத்துக்கொண்டு போனதாகச் சொன்னாள். விளக்கு என்று எதுவும் வண்டியில் இல்லை. ஒரு கடைக்குப் போய்க் கேட்டேன். மெத்தென்ற ஜெல் சீட் உறை, பாட்டுப் பாடும் ஹாரன், போக்ஸ் கம்பியில் கோக்கும் வண்ணமணிகள் ஆகியவற்றை எடுத்துக் காட்டினார்கள். மொத்தம் 1,350 ரூபாய் ஆகும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, வாங்காமல் திரும்பிவிட்டேன்.

என்னால் இப்போது 1,500 ரூபாய் வரை செலவிட முடியும். இந்தப் பணத்துக்கு அவள் வண்டியில் எதை முதலில் மாற்ற வேண்டும், எதைப் புதிதாகப் பொருத்த வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வாடகைக்கடை மகன் (தேவகோட்டை) | அக்டோபர் 6, இரவு 10.45

அண்ணே, அந்தக் கடையில் எதையும் வாங்காமல் வந்தது நல்ல முடிவு. என் தகப்பனார் முப்பது ஆண்டுகள் வாடகை சைக்கிள் கடை நடத்தியவர். பள்ளி விட்டு வந்ததும் பஞ்சர் ஒட்டுவதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் நான்கு பஞ்சருக்கும் காரணம் ஒன்றேதானா என்று பாருங்கள்.

நம் பக்கத்துச் சீமைக்கருவேல முள்ளின் தன்மையைத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சமாகும். முள் டயருக்குள் நேராக இறங்கியதும் அதன் அடிப்பாகம் சாலையில் உரசி ஒடிந்து விழுந்துவிடும். நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. டியூபை ஒட்டி உள்ளே வைத்துக் காற்றடித்தால் வண்டி நன்றாகத்தான் ஓடும். ஆள் ஏறி அமர்ந்து டயர் அமுங்க அமுங்க, அந்த நுனி மறுபடியும் டியூபைத் தொட்டுத் தொட்டு, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அதே இடத்துக்கு அருகில் இன்னொரு துளை போடும். கடைக்காரரைக் குறை சொல்லிக்கொண்டே நாமும் மறுபடியும் பணம் கொடுப்போம்.

ஆகவே டியூபை வெளியே எடுத்ததும், டயரின் உட்புறத்தை ஒரு பழைய பருத்தித் துணியால் வட்டமாக ஒரு சுற்று துடைத்துப் பாருங்கள். எங்கே துணி சிக்கி நூல் இழுபடுகிறதோ அங்கே முள் இருக்கிறது. விரலால் தேடினால் விரலில் ஏறிவிடும், துணிதான் சரி. நுனியை வெளியே தள்ள முடியாவிட்டால் டயரை உள்வெளியாகத் திருப்பி, நகவெட்டியால் கவ்வி இழுத்து எடுக்க வேண்டும். ஒருமுறை என் தகப்பனார் ஒரே டயரிலிருந்து பதினோரு நுனிகளை எடுத்து, எண்ணிக் காட்டுவதற்காகத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார். அந்த வண்டிக்காரர் அதுவரை டியூபை மட்டுமே மாற்றிக்கொண்டிருந்தவர்.

இதற்கு அடுத்துச் செலவில்லாத ஒரு ஏற்பாடு உண்டு. பஞ்சர் கடைகளில் கழித்துப் போட்ட பழைய டியூபைக் கேட்டு வாங்குங்கள். பத்து ரூபாய் கேட்டாலும் கொடுக்கலாம். வால்வுப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, டியூபின் உள்வளைவை நீளவாக்கில் கத்தரித்து விரித்தால் ஒரு ரப்பர்ப் பட்டை கிடைக்கும். அதை டயருக்கும் நல்ல டியூபுக்கும் நடுவில், சாலையைத் தொடும் பக்கமாகச் சுற்றிலும் விரித்து வைக்க வேண்டும். வைக்கும்போது முகப்பவுடர் தூவுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ரப்பரும் ஒன்றோடொன்று உரசி, முள் செய்யாத வேலையை அந்த உரசலே செய்துவிடும். பட்டையின் இரு முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று தடித்துக் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி சிறிது கனக்கும். ஆனால் சிறிய முட்கள் டியூப் வரை எட்டாது. கடைத்தெருவில் இதற்கென்றே விற்கும் பட்டையும் இதே தத்துவம்தான்.

விளக்கு, பிரேக் பற்றி நாளை எழுதுகிறேன்.

ராயவரம் ஆசிரியை | அக்டோபர் 7, காலை 6.10

கோட்டையூர்த் தம்பிக்கு வணக்கம். பஞ்சர் ஆனால் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வீடு வந்து சேர்வாள். விளக்கில்லாமல் ஏழரை மணிக்குப் பிரதான சாலையில் வருவது அப்படிப்பட்டதன்று. எனவே உங்கள் பணத்தின் முதல் பங்கு விளக்குக்குத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து.

நான் சைக்கிள் கற்றுக்கொண்டது 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்த நாட்களில். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்து நடத்தினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதிய அளவு கிடைக்காத காரணத்தால், குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளிலேயே ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறினோம். அப்போது எங்களுக்கு விளக்கும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. ஆனால் சாலையில் இன்று ஓடும் அளவுக்கு வண்டிகளும் அன்று இல்லை. பின்னாளில் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்குச் சைக்கிளில்தான் போய்வந்தேன். அந்த அனுபவத்தில் மூன்று செய்திகள் சொல்கிறேன்.

முன் விளக்கைவிடப் பின் விளக்கு முக்கியம். முன்னால் இருப்பதை நாம் எப்படியாவது பார்த்துக்கொள்வோம். பின்னால் வருகிறவருக்கு நம்மைக் காட்டுவதற்கு வேறு வழியே இல்லை. சார்ஜ் செய்யும் சிவப்பு எல்.இ.டி. விளக்கை சீட்டுக்குக் கீழே மாட்டினால் புத்தகப் பையும் துப்பட்டாவும் அதை மறைத்துவிடும். ஆகவே கேரியரின் பின்முனையிலோ பின் மட்கார்டிலோ மாட்டச் சொல்லுங்கள். மாட்டியபின் மகளை வண்டியில் உட்கார வைத்து, பையையும் மாட்டவைத்து, இருட்டில் ஐம்பது அடி தள்ளி நின்று நீங்களே பாருங்கள். நீங்கள் காண்பதைத்தான் லாரி ஓட்டுநரும் காண்பார்.

அடுத்தது துப்பட்டா. பின்சக்கரத்தின் இருபுறமும் கட்டும் வலை மலிவாகவே கிடைக்கிறது. செயின் கவர் உடைந்திருந்தால் உடனே மாற்றுங்கள். சக்கரத்தில் துணி சிக்கி விழுந்த ஒரு மாணவியை நான் தூக்கிச் சென்றிருக்கிறேன். கழுத்தில் ஏற்பட்ட காயம் வெகுநாள் ஆறவில்லை.

மூன்றாவது சீட்டின் உயரம். பள்ளி வண்டிகளில் பெரும்பாலான பிள்ளைகள் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கி மடக்கி மிதிக்கிறார்கள். எட்டு கிலோமீட்டருக்கு அது பெரிய தண்டனை. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் சிறிது வளைவு மட்டும் மிஞ்சும். அதுவே சரியான உயரம். மகள் உயரமானவளாக இருந்து சீட்டுக் கம்பி போதவில்லை என்றால் நீளமான கம்பி தனியே விற்கிறது. கம்பியில் ஓர் எல்லைக்கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது.

புதுவயல் மில் கணக்கர் | அக்டோபர் 7, பிற்பகல் 1.30

ஆசிரியை அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சார்ஜ் செய்யும் விளக்கு என்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். அறுவடைக் காலத்தில் வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகும். இருபது ஆண்டுகளாக டைனமோதான் வைத்திருக்கிறேன். சார்ஜ் போட மறந்தேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. சக்கரம் சுழலும் வரை வெளிச்சம் உண்டு. பள்ளிப் பிள்ளைக்குப் பரீட்சை நேரத்தில் விளக்குக்குச் சார்ஜ் போட நினைவிருக்குமா?

வேறொன்றும் சொல்ல வேண்டும். டயர் மாற்ற நேர்ந்தால் “26 இஞ்சு” என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். நான் அப்படி ஒருமுறை ஏமாந்தேன். 26 × 1⅜ என்பதும் 26 × 1.95 என்பதும் பெயரில்தான் ஒன்று. ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் முன்னதற்கு 590 மில்லிமீட்டர், பின்னதற்கு 559 மில்லிமீட்டர். ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் உட்காரவே உட்காராது. பழைய டயரின் பக்கவாட்டில் 37-590 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். நான் வாங்கிய டயரைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. 320 ரூபாய் போயிற்று.

ஒன்பது கோயில் உலா (காரைக்குடி) | அக்டோபர் 7, இரவு 8.55

இந்த இழையைத் தொடங்கியவருக்கு நன்றி. இளையாத்தங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் சைக்கிளிலேயே பலமுறை சுற்றியிருக்கிறேன். கியர் வண்டிதான் என்றாலும் முள்ளுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

கணக்கர் ஐயா, டைனமோவில் எனக்குள்ள குறையைச் சொல்லிவிடுகிறேன். வண்டி நின்றால் விளக்கும் அணைந்துவிடுகிறது. சாலையைக் கடக்க ஓரமாக நிற்கும் நேரம்தான் பின்னால் வருகிறவருக்கு நாம் தெரிய வேண்டிய நேரம். மழையில் டயரின் பக்கவாட்டு நனைந்தால் டைனமோவின் உருளை வழுக்குகிறது. மிதிப்பதும் கனக்கிறது. யு.எஸ்.பி. விளக்கு இரண்டு வாங்கி, கைப்பேசிக்குப் போடும் சார்ஜரிலேயே வாரம் இருமுறை போட்டால் ஒரு மணி நேரப் பயணத்துக்குத் தாராளமாகப் போதும் என்பது என் அனுபவம். முன் விளக்கைச் சற்றுக் கீழ்நோக்கி, வெளிச்சம் இருபது அடி முன்னால் தரையில் விழும்படி வைக்க வேண்டும். நேராக வைத்தால் எதிரே வருகிறவர் கண் கூசி நம் மேலேயே வந்துவிடுவார்.

காற்றைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் காற்று போதும் என்று சொல்வது பெரும்பாலும் தவறாகவே முடிகிறது. டயரின் பக்கவாட்டில் எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று அச்சிட்டிருக்கும். அளவுமானி வைத்த நிற்கும் பம்பு ஒன்று வீட்டில் இருந்தால் வாரம் ஒருமுறை சரிபார்க்கலாம். காற்றுக் குறைந்த டயர் குழியில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கொத்தியதுபோல் பக்கம் பக்கமாக இரண்டு துளை விழும். முள் குத்தினால் ஒரு துளை, நசுங்கினால் இரண்டு. ஒட்டும்போது துளையைப் பார்த்தாலே காரணம் விளங்கிவிடும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நம் சாதாரண சைக்கிளில் வால்டியூப் போட்ட வால்வு இருக்கிறது. காற்று உள்ளே போகும்போது அந்தச் சிறு ரப்பர்க் குழாயை விரித்துக்கொண்டுதான் போக வேண்டியிருப்பதால், பம்பின் மானி டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைவிடக் கூடுதலாகவே காட்டும். அடுத்த முறை டியூப் மாற்றும்போது பைக்கில் உள்ளது போன்ற வால்வு வைத்த டியூபாகக் கேட்டு வாங்குங்கள். ரிம்மில் உள்ள அதே துளையில் அதுவும் நுழையும். மானியும் சரியாகக் காட்டும், வால்டியூப் வெயிலில் இற்றுப்போவதும் இல்லை. அதற்காகப் பெட்ரோல் பங்கில் கொண்டுபோய்க் காற்றடிக்காதீர்கள். சைக்கிள் டியூபுக்குக் கொள்ளளவு குறைவு. அந்த இயந்திரத்தின் வேகத்துக்கு இரண்டு நொடி அதிகமானாலே வெடித்துவிடும்.

பஞ்சர் ஆகாமலிருக்க டியூபுக்குள் ஊற்றும் திரவமும் உண்டு. நான் ஈராண்டாக அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

வாடகைக்கடை மகன் | அக்டோபர் 7, இரவு 10.30

திரவத்தைப் பொறுத்தவரை தம்பியோடு எனக்கு உடன்பாடில்லை. முள் போடும் மெல்லிய துளையை அது அடைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடித் துண்டு கிழித்த பெரிய துளையை அது அடைக்காது. அப்போது டியூபை ஒட்ட எடுத்தால் உள்ளிருந்து கசிந்துகொண்டே இருக்கும். ஈரமான ரப்பரில் சொல்யூஷன் (பஞ்சர் ஒட்டும் பசை) பிடிக்காது. ஒட்ட முடியாமல் டியூபையே தூக்கி எறிய நேரும். வாரம் நூறு கிலோமீட்டர் போகிற கியர் வண்டிக்காரருக்கு அது பொருந்தலாம். குறைந்த பணத்தில் வண்டியைச் சீராக்க நினைக்கும் இந்த அண்ணனுக்குப் பழைய டியூப் பட்டையே போதும்.

இப்போது பிரேக்குக்கு வருகிறேன். பள்ளி வண்டியின் ரிம் இரும்பில் குரோமியம் பூசியது. நனைந்த குரோமியத்தின்மேல் ரப்பர்க் கட்டை வழுக்கத்தான் செய்யும். அலுமினிய ரிம் அந்த அளவுக்கு வழுக்காது. ரிம்மை மாற்றுவது செலவு. ஆனால் மற்ற மூன்றையும் மலிவாகச் சரிசெய்ய முடியும்.

பிரேக் கட்டைகளை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாமல் கண்ணாடிபோல் பளபளத்தால் ரப்பர் இறுகிவிட்டது, நான்கையும் மாற்றிவிடுங்கள். பொருத்தும்போது கட்டை ரிம்மில் மட்டும் படிய வேண்டும், டயரைத் தொடக் கூடாது. தொட்டால் ஒரே மாதத்தில் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும். கட்டையின் முன்முனை பின்முனையைவிட ஓர் அஞ்சலட்டைத் தடிமன் முன்பாக ரிம்மைத் தொடும்படி சற்றுச் சாய்த்துப் பூட்டினால் கீச்சென்ற சத்தமும் வராது, பிடிப்பும் நன்றாக இருக்கும். அடுத்தது உள்கம்பியும் அதன் மேலுறையும். செம்மண் தூசி உறைக்குள் போய் ஈரத்தில் களிம்பாகி இறுகும். லீவரை உங்கள் மகள் முழுக் கையாலும் அழுத்தினாலும் அந்த அழுத்தத்தில் பாதி வழியிலேயே கரைந்துவிடும். கம்பியையும் உறையையும் சேர்த்துப் புதிதாகப் போட்டால் வண்டியே மாறிப்போனதுபோல் இருக்கும். என்னைக் கேட்டால், சைக்கிளில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றம் தருவது இதுதான்.

மூன்றாவது, ரிம்மின் ஓரத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது தெறித்த பிசுக்கு அங்கே படிந்திருக்கும். மழை நாளில் மகள் நிற்க வேண்டிய இடத்துக்கு முன்னதாகவே பிரேக்கை மெல்லத் தொட்டு, சக்கரம் சில சுற்றுச் சுற்றித் தண்ணீரை வழித்த பிறகு அழுத்தப் பழக வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம்.

பாகங்கள் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். பள்ளத்தூர்க் குடும்பத்தின் முருகப்பா குழுமம் 1949இல் இங்கிலாந்து நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து, ஆங்கிலேய வண்டிகளின் அளவுகள்தான் நம் ஊர்ச் சாதாரண சைக்கிள்களில் இன்றளவும் பெரும்பாலும் வழக்கில் இருக்கின்றன. அதனால்தான் என் தகப்பனார் காலத்துக் கோனும் பால்ரஸும் (சக்கர அச்சில் இருக்கும் கூம்பும் இரும்புக் குண்டுகளும்) இன்றும் எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கின்றன.

கோட்டையூரான் | அக்டோபர் 8, காலை 7.15

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவே டயரைக் கழற்றித் துணியால் துடைத்துப் பார்த்தேன். பின் டயரில் இரண்டு இடத்தில் நூல் இழுபட்டது. இரண்டு நுனிகளையும் எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றும் ஒரு பென்சில் முனை அளவுகூட இல்லை.

இன்னும் மூன்று ஐயங்கள். பக்கக் கண்ணாடி வேண்டுமா? செயினுக்கு எந்த எண்ணெய் நல்லது? வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் விட்டுக்கொண்டிருக்கிறோம். ஜெல் சீட் உறை உண்மையிலேயே வேண்டாமா? வலிக்கிறது என்று மகள் சொல்கிறாள்.

ராயவரம் ஆசிரியை | அக்டோபர் 8, காலை 9.40

சீட்டின் உயரத்தையும் சாய்வையும் சரிசெய்து பத்து நாள் ஓட்டிய பிறகும் வலித்தால் உறையைப் பற்றி யோசிக்கலாம். சீட்டின் முனை மேல்நோக்கி இருந்தால்தான் பெண்பிள்ளைகளுக்கு மிகவும் வலிக்கும். அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். சீட்டைத் தரைக்கு இணையாக வைத்து, தேவைப்பட்டால் முனையைச் சிறிதளவு மட்டும் தாழ்த்துங்கள். மெத்தென்ற உறையில் உட்கார்ந்ததும் சுகமாக இருக்கும். அரை மணி நேரம் ஆனதும் உடல் அதற்குள் அமிழ்ந்து, அழுத்தம் விழக் கூடாத இடத்தில் விழும்.

கண்ணாடி வாங்கினால் வலப்பக்கம் மாட்டுங்கள். நாம் இடப்பக்கம் போகிறவர்கள். முந்துகிற வண்டி வலப்பக்கமாகத்தான் வரும். கடைகளில் இடப்பக்கத்துக்கு உரியதையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒன்பது கோயில் உலா | அக்டோபர் 8, இரவு 9.05

தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். பைக்கிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைச் சிலர் ஊற்றுகிறார்கள். அதில் ஏற்கெனவே உலோகத் துகள் கலந்திருக்கும். நம் செம்மண்ணும் எண்ணெயும் சேர்ந்தால் அரப்பொடிக் குழம்பாகிச் செயினை அராவித் தள்ளிவிடும். சிறு குப்பியில் கிடைக்கும் தையல் இயந்திர எண்ணெய் போதும். செயினின் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கால் மணி கழித்து உலர்ந்த துணியால் வெளிப்புறம் முழுவதையும் துடைத்துவிட வேண்டும். உள்ளே இருப்பதுதான் வேலை செய்யும். வெளியே இருப்பது மண்ணைச் சேர்க்கும். மெல்லிய எண்ணெய் என்பதால் மழையில் நனைந்தால் மறுபடி விட வேண்டும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பள்ளிக்கூட அடிக்கோல் போதும். ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் பன்னிரண்டு அங்குலக் கோட்டில் இன்னோர் ஆணியின் நடு சரியாக நிற்க வேண்டும். அது கோட்டைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போய்விட்டால் செயினை மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு பங்கு போகும் வரை விட்டால் பிரீவீல் (பின்சக்கரப் பல்சக்கரம்) பற்களும் தேய்ந்து, இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டியதாகும்.

திரவம் பற்றி தேவகோட்டை அண்ணன் எழுதியது சரி. என் பழைய டியூபை ஒட்ட முடியாமல் எறிந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பட்டையை நானும் வைத்துப் பார்க்கிறேன்.

புதுவயல் மில் கணக்கர் | அக்டோபர் 9, காலை 8.00

பிரதிபலிப்பு ஒட்டுநாடாவை விட்டுவிட்டோம். கேரியரின் பின்பக்கம், பெடலின் ஓரம், முன் போக்ஸ் கம்பிகள் ஆகிய இடங்களில் ஒட்டினால் லாரி வெளிச்சத்தில் தூரத்திலேயே மின்னும். பெடல் மேலும் கீழும் போவதால் அது சைக்கிள்தான் என்பது ஓட்டுநருக்கு உடனே புரிந்துவிடும். சார்ஜ் தீர்ந்த நாளிலும் அது வேலை செய்யும் என்பதால் டைனமோ வேண்டும் என்ற என் வாதத்தை இத்தோடு விட்டுக்கொடுக்கிறேன்.

பெடல் மாற்றுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். கழற்ற வேண்டுமானால் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். தெரியாமல் முறுக்கினால் கிராங்கின் (பெடல் பூட்டும் தண்டின்) மரையே போய்விடும்.

கோட்டையூரான் | அக்டோபர் 19, இரவு 9.50

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். வாங்கியவற்றின் கணக்கைச் சொல்கிறேன். காரைக்குடியில் நான் கொடுத்த விலை இது.

பழைய டியூப் இரண்டு 20 ரூபாய். பிரேக் கட்டை நான்கு, இரண்டு கம்பி உறையுடன், பொருத்தும் கூலியும் சேர்த்து 250. அளவுமானி வைத்த பம்பு 480. முன்னும் பின்னும் சார்ஜ் விளக்கு 420. ஒட்டுநாடா 60. நீளமான சீட்டுக் கம்பி 120. பஞ்சர் ஒட்டும் பொருள்களும் டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டும் 90. தையல் இயந்திர எண்ணெய் 40. மொத்தம் 1,480. கண்ணாடியும் சக்கர வலையும் தீபாவளிக்குப் பிறகு வாங்கலாம் என்றிருக்கிறேன். அதுவரை துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டுதான் ஓட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆசிரியை அம்மா சொன்னபடி மகளைப் பையோடு உட்கார வைத்து, ஊருணிக் கரையில் ஐம்பது அடி தள்ளி நின்று பார்த்தேன். கேரியரில் மாட்டிய விளக்கில் பாதியைப் பையின் வார் மறைத்தது. விளக்கை மட்கார்டுக்கு இறக்கினேன். இப்போது முழுதாகத் தெரிகிறது.

பட்டையை நான் முதலில் பவுடர் போடாமலே வைத்துவிட்டேன். நான்காம் நாள் காற்று இறங்கியது. எடுத்துப் பார்த்தால் முள் இல்லை. பட்டையின் முனை மடிந்திருந்த இடத்தில் டியூப் தேய்ந்திருந்தது. மகளே உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது உலர்ந்து ஒட்டும் பதம் வரும்வரை காத்திருந்து ஒட்டினாள். நான் அவசரப்பட்டு உடனே ஒட்டச் சொன்னேன். அவள் கேட்கவில்லை, அவள் செய்ததே சரி. பவுடர் தூவி மறுபடி வைத்த பிறகு இன்றுவரை காற்று இறங்கவில்லை.

நேற்று மாலை நல்ல மழை. வீட்டுக்கு வந்ததும் முதலில் பிரேக்கைப் பற்றித்தான் கேட்டேன். இரண்டு விரலால் அழுத்தினாலே வண்டி நிற்கிறது, முன்பு மாதிரி இழுக்கவில்லை என்றாள்.

வாடகைக்கடை மகன் | அக்டோபர் 19, இரவு 10.20

மிக்க மகிழ்ச்சி அண்ணே. புதுக்கம்பி முதல் சில வாரங்களில் சிறிது தளரும். லீவர் ஹேண்டில்பாரை நெருங்குவதுபோல் தெரிந்தால் பிரேக்கில் இருக்கும் திருகை இரண்டு சுற்றுத் திருப்பினால் சரியாகிவிடும். மகளுக்கே அதைக் காட்டிக் கொடுங்கள். கார்த்திகை மழை ஓய்ந்ததும் வண்டியைத் தேவகோட்டைக்குக் கொண்டுவந்தால் இரு சக்கரத்தின் பால்ரஸையும் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்துத் தருகிறேன். கிரீஸுக்கான பணம் மட்டும் கொடுத்தால் போதும்.

ராயவரம் ஆசிரியை | அக்டோபர் 20, காலை 6.05

சக்கர வலைக்குத் தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம், தம்பி. என் பழைய வண்டியில் இருந்த வலை நல்ல நிலையில் அப்படியே இருக்கிறது. இந்த வாரம் காரைக்குடி வரும்போது எடுத்து வருகிறேன். எந்த இடத்தில் சந்திக்கலாம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். நான்கு இடத்தில் கம்பி முறுக்கிக் கட்ட வேண்டும், அதற்குக் குறடு ஒன்று கொண்டு வாருங்கள்.